காத்திருக்க வேண்டிய கசிவும் காத்திருக்கக் கூடாத கசிவும்

சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று வீட்டுக்கு வீடு தெரிந்த நோய்களைப் பற்றிப் பேச மேடைகள் நிறைய இருக்கின்றன. இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது பலர் கேள்விப்படாத ஒன்று: அட்ரீனல் சுரப்பிக்குள் ஏற்படும் ரத்தக்கசிவு. இது அரிதானது. ஆனால் பெரியவர் ஒருவருக்கு இரு பக்கச் சுரப்பிகளிலும் இது நேர்ந்து, யாரும் கண்டுகொள்ளாமல் விட்டால், ஓரிரு நாளில், சில வேளை சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். கண்டுகொண்டால், எந்த ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கும் விலை மலிவான ஓர் ஊசிமருந்து காப்பாற்றிவிடும். பிறந்த குழந்தையிடமோ இதே கசிவு பெரும்பாலும் தானே ஆறிப்போகும். அங்கே நாம் காட்டும் அவசரம்தான் குழந்தைக்குத் தீங்காக முடியும். உறுப்பு ஒன்று, கசிவும் ஒன்று. ஆனால் குழந்தையிடம் பொறுமையும் பெரியவரிடம் வேகமும் வேண்டும். நடைமுறையில் இது பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது: குழந்தைக்கு அறுவை அறையைத் தயார் செய்கிறோம், பெரியவருக்குப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் வாதம்.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலைமேலும் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பியின் எடை, பெரியவர்களில் நான்கைந்து கிராம்தான். அதன் புறணிப் பகுதி கார்டிசாலையும் ஆல்டோஸ்டிரோனையும் சுரக்கிறது. கார்டிசால் இல்லாவிட்டால் ரத்தக் குழாய்கள் இறுக்கம் இழந்து ரத்த அழுத்தம் சரியும், ரத்தச் சர்க்கரை குறையும். ஆல்டோஸ்டிரோன் இல்லாவிட்டால் உடம்பு உப்பைச் சிறுநீரில் இழந்து பொட்டாசியத்தைத் தேக்கிக்கொள்ளும். இந்தச் சின்னஞ்சிறு உறுப்புக்குள் ஏன் ரத்தம் கசிய வேண்டும் என்ற கேள்விக்கு அதன் ரத்த ஓட்ட அமைப்பிலேயே விடை இருக்கிறது. மூன்று பக்கத்திலிருந்து வரும் தமனிகள் ஐம்பது, அறுபது நுண்கிளைகளாகப் பிரிந்து சுரப்பியின் உறைக்கு அடியில் பரவுகின்றன. ரத்தம் வெளியேறுவதற்கு இருப்பதோ நடுவிலுள்ள ஒரே ஒரு சிரை. ஐம்பது வாய்க்கால் வந்து விழும் ஏரிக்கு ஒரே மதகு என்றால், வெள்ளம் வரும் நாளில் கரை என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடுமையான நோயோ அறுவைச் சிகிச்சையோ உடலை வருத்தும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஏ.சி.டி.எச். ஹார்மோன் சுரப்பிக்குள் பாயும் ரத்தத்தைப் பல மடங்கு பெருக்குகிறது. அதே நேரத்தில் பெருகும் அட்ரீனலின் ஹார்மோன், ரத்தம் வெளியேறும் சிரையைச் சுருக்குகிறது. அந்தச் சிரையில் ஒரு சிறு ரத்தக்கட்டு விழுந்துவிட்டால் போதும், சுரப்பி உள்ளுக்குள்ளேயே வெடித்து ரத்தத்தால் நிரம்பிவிடும்.

இந்தச் சுரப்பி உயிருக்கு இன்றியமையாதது என்பது மருத்துவத்துக்கு மிகவும் தாமதமாகவே தெரிந்தது. 1855இல் லண்டனில் தாமஸ் அடிசன் பதினொரு நோயாளிகளை விவரித்து, சுரப்பி அழிந்தால் மனிதன் மெல்லத் தேய்ந்து இறக்கிறான் என்று காட்டினார். அடுத்த ஆண்டே உடலியல் ஆய்வாளர் பிரவுன்-செக்கார், சுரப்பிகளை அகற்றினால் விலங்குகள் பிழைப்பதில்லை என்று சோதனையில் கண்டார். 1911இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து மருத்துவர் ரூபர்ட் வாட்டர்ஹவுஸும், 1918இல் டென்மார்க்கின் கார்ல் ஃபிரிடெரிக்செனும், காய்ச்சலும் தோலில் ஊதாப் புள்ளிகளுமாக வந்து சில மணி நேரத்தில் இறந்த குழந்தைகளின் இரு சுரப்பிகளிலும் ரத்தம் நிரம்பியிருந்ததைப் பதிவு செய்தார்கள். மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமிகள் உண்டாக்கும் அந்தக் கோர நிலை இன்றும் அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது. அன்று கண்டுகொண்டிருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. 1940களின் இறுதியில்தான் கார்டிசாலின் வேலையைச் செய்யும் கார்டிசோன் மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்தாகக் கைக்கு வந்தது. அதற்காக கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவரும் 1950இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு முன் இந்த மரணங்களை விதி என்று சொல்லலாம். அதற்குப் பின் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

முதலில் குழந்தையிடம் வருவோம். பிறக்கும்போது அட்ரீனல் சுரப்பி வியக்கத்தக்க அளவு பெரியது. பெரியவர்களில் சிறுநீரகத்தில் முப்பதில் ஒரு பங்காக இருக்கும் இது, பிறந்த குழந்தையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். கருப்பையில் தாயின் நஞ்சுக்கொடிக்கு ஹார்மோன் மூலப்பொருள் தயாரித்துக் கொடுத்த உட்பகுதி, பிறந்தபின் வேலை முடிந்து வேகமாகச் சுருங்குகிறது. ரத்தம் மிகுந்து, அதே வேளையில் சிதைந்துகொண்டும் இருக்கும் இந்தப் பகுதியில்தான் கசிவு பெரும்பாலும் ஏற்படுகிறது. எடை மிகுந்த குழந்தை, கால் முதலில் வந்த பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித் தொற்று ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். பத்தில் ஏழு கசிவுகள் வலப்பக்கத்தில் நேர்கின்றன. வலச் சுரப்பியின் சிரை மிகக் குட்டையாக நேரே கீழ்ப்பெருஞ்சிரையில் திறக்கிறது. பிரசவ நேரத்தில் அந்தப் பெருஞ்சிரையில் ஏறும் அழுத்தம் தடையின்றிச் சுரப்பிக்குள் போய்விடும். கூடவே கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் அது நசுங்கவும் செய்கிறது. ஆயிரம் பிறப்புகளில் ஏறக்குறைய இரண்டு குழந்தைகளுக்கு இது நேர்வதாக நூல்கள் குறிக்கின்றன. அறிகுறியே காட்டாமல் ஆறிவிடும் கசிவுகளையும் எண்ணினால் உண்மையான அளவு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பிரசவ வார்டில் இதன் முகம் எப்படி இருக்கும்? குழந்தை பிறந்து மூன்று நான்கு நாள் ஆகியிருக்கும். மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் படுக்க வைத்திருப்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் வருகிற காமாலைதானே என்று பார்த்தால், இதற்கு மட்டும் எதிர்பார்த்தபடி இறங்காது. வயிற்றுக்குள் கசிந்து தேங்கிய ரத்தம் சிதைந்து பித்தநிறமியாக மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். உள்ளங்கால் வெளுத்திருக்கும், ரத்தச் சோகை தெரியும். ஆண் குழந்தையானால் சில சமயம் விதைப்பை நீலம் பாரித்துத் தடித்திருக்கும், மேலே கசிந்த ரத்தம் பின்வயிற்றின் வழியே இறங்கி அங்கே தங்குவதால். விதை முறுக்கிக்கொண்டது என்று தவறாக எண்ணி இந்தக் குழந்தைகளை அறுவை மேசைக்குக் கொண்டுபோன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. அந்த நேரத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை விதைப்பையோடு நிறுத்தாமல் ஒரு சாண் மேலே கொண்டுபோய்ச் சிறுநீரகத்தின் உச்சியையும் பார்த்தால் போதும். ஒரு குழந்தை கத்தியிலிருந்து தப்பும். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம், இதற்குப் புதிய கருவியோ செலவோ வேண்டியதில்லை, அந்த நினைப்பு வந்தால் போதும்.

ஸ்கேனில் கட்டி தெரிந்ததும் எழும் பெரிய எதிர்ப்பு இது: கைக்குழந்தைகளின் அட்ரீனலில் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயும் வருமே, அதை ரத்தக்கட்டி என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டால்? இந்த அச்சத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. நடுவில் நீர்கோத்த நியூரோபிளாஸ்டோமா ஸ்கேனில் ரத்தக்கட்டியைப் போலவே தோன்றக்கூடும். ஆனால் காலம் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ரத்தக்கட்டி முதலில் கெட்டியாகத் தெரியும், ஓரிரு வாரத்தில் நடுவில் நீர்த்துப்போகும், பிறகு வாரந்தோறும் சுருங்கும், கடைசியில் சுண்ணாம்பு படிந்த ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அதற்குள் ரத்த ஓட்டம் இருக்காது. சிறுநீரில் வெனிலைல் மாண்டெலிக் அமிலம் போன்ற கழிவுப் பொருள்கள் உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு துணை. சரி, அப்படிப் பொறுத்திருந்த காலத்தில் அது புற்றுநோயாகவே இருந்துவிட்டால் குழந்தை எதை இழக்கிறது? அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட குழந்தைப் புற்றுநோய்க் குழு இதை நேரடியாகவே ஆராய்ந்து 2012இல் வெளியிட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, அட்ரீனலில் சிறிய கட்டி கொண்ட 87 குழந்தைகளில் 83 பேரின் பெற்றோர் அறுவையைத் தள்ளிவைத்துக் கண்காணிக்கச் சம்மதித்தார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை. மூன்றாண்டு முடிவில் எல்லாக் குழந்தைகளும் உயிரோடு இருந்தார்கள். கண்காணிப்பு என்ற பெயரில் குழந்தையைக் கைவிட்டுவிடவில்லை, குறித்த நாளில் தவறாமல் ஸ்கேன் எடுத்துப் பின்தொடர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவதை நான் பொறுமை என்று சொல்லவில்லை.

குழந்தையிடம் ஹார்மோன் குறைபாடு ஏன் அரிதாகவே வருகிறது என்பதும் இந்த அமைப்பிலிருந்தே விளங்கும். கசிவு சிதைந்துகொண்டிருக்கும் உட்பகுதியில் நடக்கிறது. நிரந்தரமாக வேலை செய்ய வேண்டிய புறப்பகுதி உறைக்கடியில் தப்பிப் பிழைத்து மீண்டும் வளர்கிறது. சுரப்பித் திசுவில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தால்தான் குறைபாடு வெளிப்படும். ஆனாலும் விலக்கு உண்டு. இருபக்கமும் கசிந்த குழந்தைக்குச் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை மூன்றையும் தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டும். பால் குடிக்காமல் துவண்டு கிடந்து சர்க்கரை இறங்கினால் கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் உடனே தேவை. இடப்பக்கக் கசிவில் சிறுநீரகச் சிரையும் அடைத்திருக்கலாம், ஏனெனில் இடச் சுரப்பியின் சிரை அதில்தான் போய்ச் சேர்கிறது.

இனி பெரியவர்களிடம் வருகிறேன். இங்கேதான் என் கவலை அதிகம். மூட்டு மாற்று அறுவை முடிந்து ஆறேழு நாள் ஆன ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடப்பட்டு வருகிறது. திடீரென்று விலாவுக்குக் கீழே, முதுகுப்பக்கமாக வலி. பிறகு காய்ச்சல், குமட்டல், கொஞ்சம் பிதற்றல். ரத்த அழுத்தம் 90க்குக் கீழே இறங்குகிறது. சலைன் ஏற்றினால் ஏறி மறுபடியும் இறங்குகிறது. ஹீமோகுளோபின் இரண்டு கிராம் குறைந்திருக்கிறது. வார்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? காய்ச்சலுக்குக் கிருமித் தொற்று, வலிக்கு வாயு அல்லது பித்தப்பை, அழுத்தம் குறைவதற்கு மாரடைப்போ நுரையீரல் ரத்தக்கட்டோ. ஒவ்வொன்றும் நியாயமான சந்தேகம்தான். எல்லாவற்றுக்கும் ஒரே விடை இருக்கலாம் என்ற எண்ணம்தான் வருவதில்லை. சி.டி. ஸ்கேன் பரவுவதற்கு முன் இந்த நோய் பெரும்பாலும் பிணக்கூறாய்வு மேசையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பது மருத்துவ வரலாற்றின் வருத்தமான உண்மை.

அந்த நோயாளிக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் பாதியாகக் குறைந்திருக்கக்கூடும். ஹெப்பாரின் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சிலருடைய உடல் அந்த மருந்துக்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்கி, தட்டணுக்களைத் தூண்டிவிட்டு, ரத்தத்தை உறைய வைத்துவிடும். அட்ரீனலின் ஒற்றைச் சிரை அப்படி அடைபட்டு, வெளியேற வழியில்லாத ரத்தம் சுரப்பியைக் கிழித்துக்கொண்டு கசிகிறது. உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே ரத்தத்தை உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயிலும் இதேதான் நடக்கிறது. கோவிட் காலத்தில் ஒருசிலருக்குத் தடுப்பூசியை அடுத்து வந்த அரிய உறைவு நோயிலும் அட்ரீனல் கசிவு பதிவாகியிருக்கிறது. ரத்தம் கசிகிறதே, அப்படியானால் உறைதடுப்பு மருந்தை நிறுத்துவதுதானே முறை என்று கேட்பது இயல்பு. பலரிடம் அது சரிதான், மருந்தின் அளவு மிஞ்சியதால் வரும் கசிவும் உண்டு. ஆனால் கசிவுக்கு வேர் உறைவாக இருக்கும் நோயாளியிடம் உறைதடுப்பை முற்றாக நிறுத்தினால் அடுத்த கட்டு மூளையிலோ நுரையீரலிலோ விழக்கூடும். ஹெப்பாரினே உறைவைத் தூண்டியிருந்தால், நிறுத்த வேண்டியது ஹெப்பாரினை மட்டும். அதன் இடத்தில் அர்கட்ரோபான் போன்ற வேறு வகை மருந்தைக் கொடுக்க வேண்டும். தட்டணுக்கள் குறைந்து ரத்தமும் கசியும் ஒருவருக்கு உறைதடுப்பு கொடுக்கச் சொல்வது முதலில் கேட்பவருக்கு முரணாகப் படும். காரணத்தைத் தேடாமல் தோற்றத்துக்கு மருத்துவம் செய்தால் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுவோம்.

சந்தேகம் வந்தவுடன் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் சிரையில் ஏற்றிவிட வேண்டும், பிறகு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம், கூடவே சலைன். கார்டிசாலுக்கான ரத்த மாதிரியை முதலில் எடுத்துவைத்துக்கொள்ளலாம், முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. இதற்குச் சான்று என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் தன் 25 ஆண்டுக் கால அனுபவத்தில் கண்ட 141 நோயாளிகளின் விவரத்தை 2001இல் வெளியிட்டது. அறுவைக்குப் பின்னும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயிலும் கசிவு ஏற்பட்டவர்களில் ஸ்டீராய்டு (ஹைட்ரோகார்டிசோன் வகை மருந்து) பெற்ற அனைவரும் பிழைத்தார்கள், பெறாதவர்களில் 17 சதவீதத்தினரே பிழைத்தார்கள். கடும் கிருமித் தொற்று, கடும் உடல் நெருக்கடி ஆகியவற்றின் நடுவில் கசிவு நேர்ந்தவர்களிலோ மருந்து பெற்றோர் 9 சதவீதமும் பெறாதோர் 6 சதவீதமுமே பிழைத்தார்கள். இந்த இரண்டாம் எண்ணிக்கையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே உயிரைப் பறித்தது பெரும்பாலும் தொற்றுதான், கசிவு அதன் விளைவுகளில் ஒன்று. மெனிங்கோகாக்கஸ் தாக்குதலில் இறந்தவர்கள் எல்லோருக்கும் கார்டிசால் குறைவாக இருக்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, நோயாளிகளும் சிலரே என்ற குறையும் இதற்கு உண்டு. ஆனால் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தை மறுத்து ஒப்பிட்டுப் பார்க்க இந்த நோயில் எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. நூறுக்கும் பதினேழுக்கும் உள்ள இடைவெளியைச் சிறு ஆய்வின் தற்செயல் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

தொற்று இருக்கக்கூடிய நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து நோய் முற்றாதா என்பது அடுத்த எதிர்ப்பு. இதற்கு விடை சொல்ல நமக்கு ஒரு பெரிய ஆய்வு கிடைத்திருக்கிறது. ஐந்து நாடுகளில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், கிருமித் தொற்றால் அதிர்ச்சி நிலைக்குப் போன ஏறத்தாழ 3,700 பேரில் பாதிப் பேருக்கு நாள்தோறும் 200 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஒரு வாரம் வரை ஏற்றப்பட்டது. 90 நாளில் இறந்தவர்கள் மருந்து பெற்றோரில் 27.9 சதவீதம், பெறாதோரில் 28.8 சதவீதம். புதிய கிருமி ரத்தத்தில் சேர்வதும் கூடவில்லை. பொதுவான தொற்றில் அது உயிரைக் காப்பாற்றவில்லை என்று இதை வாசிக்கலாம். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: நாம் சந்தேகத்தின்பேரில் கொடுக்கச் சொல்லும் அதே அளவு மருந்து, சந்தேகம் பொய்த்துப்போனாலும் நோயாளியைக் கொல்வதில்லை. சந்தேகம் மெய்யாக இருந்து கொடுக்காமல் விட்டால் பெரும்பாலும் கொல்லும். தவறினால் ஏற்படும் இழப்பு இரு பக்கமும் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது, முழு நிரூபணம் கேட்பதை நான் அறிவியல் எச்சரிக்கை என்று ஏற்க மாட்டேன்.

பொட்டாசியம் சரியாகத்தானே இருக்கிறது, ஆகவே அட்ரீனல் கோளாறு இல்லை என்று சிலர் முடிவுகட்டுவார்கள். சோடியம் இறங்குவதும் பொட்டாசியம் ஏறுவதும் வெளிப்படச் சில நாள் ஆகலாம். முதல் சி.டி. ஸ்கேனில் சுரப்பி வெறுமனே கொஞ்சம் தடித்துத் தெரிந்து, சில நாள் கழித்து எடுத்த ஸ்கேனில்தான் உருண்ட ரத்தக்கட்டி புலப்பட்டது என்பதும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கசிந்திருந்தால் ஹார்மோன் பெரும்பாலும் குறையாது. ஆனால் கசிவுக்கு அடியில் கட்டி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று ரத்தம் வடிந்தபின் மறுபடி பார்க்க வேண்டும். அது அட்ரீனலின் ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டியா என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ சோதிக்காமல் ஊசி குத்திச் சதை எடுக்கக் கூடாது.

நம் மண்ணோடு தொடர்புடைய ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு பிட்யூட்டரிக்குள் ரத்தம் கசிந்து ஏ.சி.டி.எச். நின்றுபோவது மியான்மரிலும் தென்னிந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. அட்ரீனல் நலமாக இருந்தும் ஏவுவோர் இல்லாததால் கார்டிசால் சுரக்காது. அப்போது ஆல்டோஸ்டிரோன் குறையாது, எனவே பொட்டாசியம் ஏறாது. விஷமுறிவு மருந்து கொடுத்து, ரத்தம் உறைவதும் சரியான பிறகு, காரணமில்லாமல் அழுத்தம் இறங்கி, சர்க்கரை குறைந்து கிடக்கும் வயல் தொழிலாளிக்கும் இதே ஹைட்ரோகார்டிசோன்தான் உயிர். வட்டார மருத்துவமனைகளில் பாம்புக்கடி பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவு அரிதான ஒன்றுக்காக எல்லா மருத்துவரையும் பதற வைக்க வேண்டுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அரிதான நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இல்லை, அல்லது எட்டாத விலையில் இருக்கிறது. இதற்கான மருந்து உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஆஸ்துமாவுக்காக அன்றாடம் எடுக்கும் அதே குப்பிதான். குறைவாக இருப்பது மருந்து அல்ல, அந்தக் குப்பியை நோக்கிக் கை நீள வேண்டிய நேரத்தில் நீள்வதுதான்.

பிழைத்தவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். இரு சுரப்பியும் கசிந்து அழிந்தவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும், பலருக்கு ஆல்டோஸ்டிரோனுக்கு ஈடான ஃப்ளூட்ரோகார்டிசோனும் சேரும். சிலருக்குச் சுரப்பி ஓரளவு மீளலாம். அதை மருத்துவர் சில மாதம் கழித்துச் சோதித்துச் சொல்ல வேண்டும், நீங்களாக முடிவு செய்யக் கூடாது. ஸ்டீராய்டு உடம்புக்குக் கெடுதல் என்று உறவினர் சொல்லக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்கள் எடுப்பது உடம்பு தானே சுரக்க வேண்டியதை ஈடுகட்டும் அளவுதான். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்குங்கள். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அட்ரீனல் வேலை செய்யவில்லை, அவசரத்தில் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் தேவை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு சீட்டை, ஆதார் அட்டை வைத்திருக்கும் அதே இடத்தில் எப்போதும் வைத்திருங்கள்.